கொசுக்கடியைச் சுற்றிய சிவப்பு வளையம்

ரங்கூனில் மழை பிடித்துவிட்டால் கொசுவுக்குக் கொண்டாட்டம். போன ஜூலையில் ஒரு சாயங்காலம், கரண்ட் போன நேரத்தில், அக்கா மகனும் நானும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு ஒன்பது வயது. முன்கையில் கொசு கடித்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தான். கடித்த இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு தடிப்பு, வெளிறிப்போய் மேடாக இருந்தது. அதைச் சுற்றி, சட்டைப் பொத்தானைவிட அகலமாகச் சிவப்பு பரவியிருந்தது. "மாமா, கொசு இந்த ஒரு எடத்துலதான கடிச்சுச்சு? இவ்வளவு தூரம் ஏன் செவந்திருக்கு?" என்றான்.

சின்னக் கேள்வி இல்லை அது. கடியால் வெளிவரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அந்தத் துவரம்பருப்பைத் தாண்டி அவ்வளவாகப் போவதில்லை. அப்படியானால் மீதிச் சிவப்பு எங்கிருந்து வந்தது? லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் இதோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1927இல் விடையை எழுதிவைத்தார். தோலில் ஹிஸ்டமினைக் குத்தி ஏற்றினால் முதலில் குத்திய இடம் சிவக்கும். அப்புறம் சுற்றிலும் சிவப்பு பரவும். கடைசியில் நடுவில் தடிப்பு எழும்பும். இதில் சுற்றிப் பரவும் சிவப்பு நரம்பின் வேலை. அந்த இடத்துக்கு வரும் நரம்பு அறுபட்டு, சில நாள் கழித்து அதன் இழைகள் செத்துப்போன பிறகு ஹிஸ்டமினைக் குத்தினால், தடிப்பு வருகிறது, வளையம் வருவதில்லை. ஆனால் நரம்பு அறுபட்ட உடனே குத்தினால் வளையம் வந்துவிடுகிறது! முதுகுத்தண்டோடு தொடர்பு போய்விட்டது, மூளைக்குச் சேதியே போகவில்லை, இருந்தும் தோல் சிவக்கிறது. இழையில் உயிர் இருந்தால் போதும் என்று அர்த்தம்.

எனக்கு இந்த ஒரு சோதனைதான் கண்ணைத் திறந்தது. நரம்பு என்றால் தோலில் நடப்பதை மூளைக்குச் சொல்லும் கம்பி என்றுதான் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மைதான். தோல் நரம்பு உள்ளே சேதி அனுப்பும்போதே வெளியே தோலிலும் வேதிப்பொருள்களைக் கொட்டுகிறது. அரிப்பு, எக்ஸிமா, ஒவ்வாமை எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

நடுவே ஒரு சொல். நம் பேச்சில் புறங்கையில் பச்சையாகத் தெரிவதையும் 'நரம்பு' என்கிறோம். அது ரத்தக்குழாய். இங்கே பேசுவது கண்ணுக்குத் தெரியாத உணர்வு நரம்பைப் பற்றி. அதன் உடல், அதாவது செல், முதுகெலும்பை ஒட்டிய சின்ன முடிச்சுகளில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை முதுகுத்தண்டுக்குள் போகிறது, இன்னொரு கிளை தோல் வரை நீள்கிறது. பாதத்துக்கு வரும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். பருமனோ தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. தோலுக்கு வந்ததும் அது மரவேர் மாதிரி பிரிந்து, மேல்தோல் செல்களுக்கு நடுவில் போய் உறையில்லாமல் முடிகிறது. வேகமும் குறைவு. தொடு உணர்வு நொடிக்கு ஐம்பது மீட்டர் போல ஓடும். அரிப்பைச் சுமக்கும் மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் போனால் பெரிது.

ஒரு கிளையின் நுனியில் ஹிஸ்டமின் பட்டதும் துடிப்பு முதுகுத்தண்டை நோக்கிக் கிளம்புகிறது. வழியில் கிளை பிரியும் இடத்தில், அதே துடிப்பு பக்கத்துக் கிளைகளில் இறங்கி மறுபடி தோலுக்கே திரும்புகிறது. அந்த நுனிகளில் இரண்டு பொருள்கள் வெளிவருகின்றன. ஒன்றின் பெயர் சிஜிஆர்பி. அது ரத்தக்குழாய்களை விரிக்கிறது, தோல் சிவக்கிறது. மற்றது 1931இலேயே கண்டெடுத்த 'சப்ஸ்டன்ஸ் பி'. அது குழாய்களைக் கசியவைக்கிறது, கூடவே பக்கத்தில் இருக்கும் மாஸ்ட் செல்களையும் உசுப்புகிறது. மாஸ்ட் செல் என்பது ஹிஸ்டமினும் இன்னும் பல பொருள்களும் நிரம்பிய மூட்டை. அது நரம்பு நுனிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது நாம் கவனிக்கவேண்டிய விஷயம்.

ஹங்கேரியில் மிக்லோஷ் யான்சோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதை இன்னொரு வழியாகக் காட்டினார்கள். மிளகாயின் காரமான கேப்சைசினை எலிகளுக்கு நிறையக் கொடுத்து, அந்த மெல்லிய நரம்புகளை மரத்துப்போகச் செய்தார்கள். பிறகு கடுகெண்ணெய்க் காரம் மாதிரியான எரிச்சல் பொருள்களைத் தோலில் போட்டால் வீக்கம் வரவேயில்லை. தோல் சிவந்து வீங்கும் அழற்சியில் நரம்புக்கும் கை இருக்கிறது என்பது 1960களிலேயே இப்படித் தெரிந்துவிட்டது. அந்த மிளகாய்க் காரம் நரம்பில் போய்த் தட்டும் கதவைக் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸ் குழு, 1997இல். டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, அரிப்புக்கு வருவோம். அரிப்பு, நமைச்சல், தினவு, ஊறல், குறுகுறுப்பு என்று தமிழில் இத்தனை சொல் வைத்திருக்கிறோம். வலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று நம் வாய்க்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மருத்துவத்தில் ரொம்ப நாள் அரிப்பை ஒரு 'சின்ன வலி' என்றே வைத்திருந்தார்கள். 1997இல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர் மனிதர்களின் காலில் ஓடும் நரம்புக்குள் மெல்லிய ஊசியைச் செருகிக் கேட்டபோது, ஹிஸ்டமினுக்கு நீண்ட நேரம் துடிக்கும் இழைகள் அகப்பட்டன. ஆளுக்கு எவ்வளவு நேரம் அரித்ததோ அவ்வளவு நேரம் அந்த இழையும் துடித்தது. பத்து ஆண்டு கழித்து, 2007இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சென் சௌஃபெங் குழு முதுகுத்தண்டில் ஜிஆர்பிஆர் என்ற வாங்கியை, அதாவது வேதிச் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதத்தைக் கண்டது. அது இல்லாத எலிகள் வலிக்கு வழக்கம்போலத் துடித்தன, ஆனால் சொறிவது வெகுவாகக் குறைந்துபோனது. அரிப்புக்குத் தனி வழி இருக்கிறது.

தனி வழி ஒன்றா என்றால், அதுவும் இல்லை. பூனைக்காலியைத் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். அதன் காயில் பொன்னிறச் சுணை. பள்ளிக்கூடத்தில் அதைப் பையன்கள் யார் சட்டைக்காலருக்குள்ளாவது போட்டுவிட்டால் அன்றைக்குப் பாடம் நடக்காது. அந்தச் சுணை உயிர்போகிற மாதிரி அரிக்கும், ஆனால் கொசுக்கடி போலப் பெரிய தடிப்போ அகன்ற சிவப்பு வளையமோ எழுவதில்லை. காரணம், அதில் இருப்பது ஒரு புரதம் வெட்டும் நொதி. அது ஹிஸ்டமினின் வழியைத் தொடாமல் வேறு நரம்பிழைகளைத் தட்டுகிறது. இன்னொரு சாட்சி குளோரோகுயின். இங்கே பர்மாவில் வைவாக்ஸ் வகை மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரைதான். சிலருக்கு அதைச் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் அரிக்கும், தோலைப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. 2009இல் பால்டிமோரில் டாங் ஷின்சோங் குழு, குளோரோகுயின் நேராக நரம்பிலுள்ள ஒரு வாங்கியைப் பிடிக்கிறது என்று காட்டியது. நோய் எதிர்ப்பு செல்கள் நடுவில் வரவே இல்லை.

இதனால்தான் ஹிஸ்டமினை அடக்கும் அந்த மஞ்சள் அலர்ஜி மாத்திரை பல பேருக்குக் கேட்பதில்லை. காணாக்கடி வந்து உடம்பில் திட்டுத்திட்டாகத் தடித்தால் அலர்ஜி மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். அது ஹிஸ்டமின் பிரச்சினை. குழந்தைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்பக்கத்திலும் கரப்பான், அதாவது எக்ஸிமா வந்து, தோல் காய்ந்து, நீர் கசிந்து, இரவெல்லாம் சொறிகிறது என்றால் அது வேறு வழி. பழைய வகை மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரும். தூங்குவதைப் பார்த்து 'அரிப்பு நின்றுவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். அக்கா மகனுக்கும் இந்தக் கரப்பான்தான். எங்கள் வீட்டிலும் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தோம். தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் பாயில் ரத்தப் பொட்டுகள் இருக்கும்.

கரப்பானில் என்ன நடக்கிறது? முதலில் தோலின் சுவர் பலவீனம். சிலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவிலேயே குறை. 2006இல் இது தெரியவந்தது. சுவரில் ஓட்டை விழுந்தால் ஈரம் வெளியே போகும், தூசியும் கிருமியும் உள்ளே வரும். அப்போது மேல்தோல் செல்களே டிஎஸ்எல்பி என்ற ஒரு பொருளை வெளியிட்டுக் கூச்சல் போடுகின்றன. அது நோய் எதிர்ப்பு செல்களைக் கூப்பிடுகிறது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தபோது, அதே பொருள் நேராக நரம்பையும் தட்டி அரிக்கவைக்கிறது என்று தெரிந்தது. கூப்பிட்டு வந்த டி செல்கள் இன்டர்லூக்கின்-4, 13, 31 என்று சேதிப் பொருள்களை வரிசையாக வெளியிடுகின்றன. இவற்றை வாங்கிக்கொள்ளும் வாங்கிகள் நரம்பிலேயே இருக்கின்றன! 31 நரம்பைத் தட்டி அரிப்பை எழுப்புகிறது. 4ஆம் எண்ணின் வேலை இன்னும் நுட்பம்: தானாக அரிக்கவைப்பதைவிட, சின்னத் தூண்டலுக்கும் நரம்பு துள்ளும்படி அதைக் கூர்மையாக்கிவிடுகிறது. 2017இல் பிரையன் கிம் குழு இதைக் காட்டியது. கரப்பான் உள்ள பிள்ளை சட்டையின் தையல் உரசினாலே சொறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிள்ளை அடம்பிடிக்கவில்லை.

இப்போது சொறிவது. கட்டுரையில் நான் சொல்லவந்ததே இதுதான்.

பர்மாவின் பகான் ஊரில் அரக்குச் சாமான் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் கிண்ணத்தின் மேல் கறுப்பான ஒரு மரப்பாலைப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். தித்சி என்கிற அந்த மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் நம் சேராங்கொட்டைக்கும் சொந்தக்காரன். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்புளம் போடும் என்பது நமக்குத் தெரியும். காயாத தித்சிப் பாலும் அப்படியே. பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து, வீங்கி, தாங்கமுடியாமல் அரிக்கும். பாலில் இருக்கும் பொருள் தோல் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, முன்பே அதை அடையாளம் கண்டுவைத்திருக்கிற டி செல்கள் திரண்டு வருகின்றன. தொடு ஒவ்வாமை என்பது இதைத்தான்.

ஆய்வுக்கூடத்தில் எலியின் காதில் இதே மாதிரி தோலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைப் பூசித் தொடு ஒவ்வாமையை வரவழைப்பது வழக்கம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டேனியல் கப்லான் குழு இதைச் செய்தது. முடிவுகள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. சில எலிகளைச் சொறிய விட்டார்கள். சிலவற்றுக்குக் கழுத்தில் சின்னப் புனல் மாட்டினார்கள். ஆபரேஷன் செய்த நாய் புண்ணை நக்காமல் இருக்க மாட்டுவார்களே, அதே மாதிரிதான். பூசிய பொருள் ஒன்றே, ஒவ்வாமையும் ஒன்றே, வித்தியாசம் சொறிவது மட்டும். சொறிந்த எலியின் காது நன்றாக வீங்கி, அழற்சி செல்கள் நிரம்பியிருந்தது. புனல் மாட்டியதற்கு வீக்கம் வெகுவாகக் குறைவு. அரிப்பை உணரும் நரம்புகள் இல்லாமல் செய்த எலிகளிலும் அப்படியே குறைவு.

நகம் தோலைக் கிழிப்பதால்தானே என்று தோன்றும். அதுவும் உண்டுதான். ஆனால் குழு கண்ட முக்கிய வழி நரம்பு. சொறிவது வலி நரம்புகளைத் தட்டுகிறது. அவை லூயிஸ் பார்த்த அதே வழியில் தோலுக்குள் சப்ஸ்டன்ஸ் பி-யைக் கொட்டுகின்றன. அது மாஸ்ட் செல்லின் ஒரு கதவைத் தட்டுகிறது. ஒவ்வாமைப் பொருள் ஏற்கெனவே அதே செல்லின் இன்னொரு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து தட்டும்போது ஒன்று மட்டும் தட்டுவதைவிட மாஸ்ட் செல் பலமாக வெடிக்கிறது. அழற்சி கூடுகிறது, அரிப்பு கூடுகிறது, கை மறுபடி போகிறது.

"சொறியாதடா, சொறிஞ்சா கூடும்" என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். கூடும் என்பது சரி. சொறியாதே என்பதுதான் நடக்காத காரியம். சொறிந்தால் உடனே சுகம் கிடைக்கிறதே, அதற்கும் நரம்பில் காரணம் உண்டு: முதுகுத்தண்டில் வலிச் சேதி வந்தால் அரிப்புச் சேதியை அமுக்கும் செல்கள் இருக்கின்றன. கொஞ்சம் வலிக்கவைத்து அரிப்பை அமுக்குகிறோம். மேலே போகும் சேதி அடங்குகிறது, கீழே தோலில் தீ மூட்டியாகிவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இந்த வலையில் மாட்டிய ஒன்பது வயதுப் பையனைக் கையில் அடித்து, "அடக்கமில்ல" என்று திட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதே ஆய்வில் சொறிந்த தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குறைந்தது. சொறியும் பழக்கம் விலங்குகளில் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு பூச்சிக்கடிக்கு இரண்டு சொறி சொறிந்தால் நல்லதே நடக்கலாம். மாதக்கணக்கில் நீளும் கரப்பானில் அந்தக் கணக்கு செல்லாது. இந்தப் பாக்டீரியாவே வேறு விதத்தில் குற்றவாளி: கரப்பான் தோலில் பெரும்பாலும் குடியிருக்கும் அது, ஒரு நொதியால் நேராக அரிப்பு நரம்பைத் தட்டுகிறது என்று 2023இல் ஹார்வர்டின் ஐசக் சியு குழு காட்டியது. பூனைக்காலி செய்யும் வேலையின் இன்னொரு வடிவம் மாதிரி.

வீட்டுத் தூசிப்பூச்சியும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனம் அது, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழ்வது. இங்கே மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை மழை. இலவம்பஞ்சு மெத்தை வெயிலையே காணாது. தூசிப்பூச்சியின் கழிவில் புரதம் வெட்டும் நொதி இருக்கிறது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, அது வலி நரம்பைத் தட்ட, நரம்பு சப்ஸ்டன்ஸ் பி-யைக் கொட்ட, மாஸ்ட் செல் வெடித்து ஒவ்வாமை அழற்சி எழுவதை எலிகளில் படிப்படியாகக் காட்டியது. அங்கே நரம்பும் மாஸ்ட் செல்லும் ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாக இருந்தன. மழை விட்ட நாளில் மெத்தையை வெயிலில் போடுவதும், உறையைச் சுடுநீரில் அலசுவதும் சின்ன வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் என்ன செய்வது? அரிப்பை நோயின் வால் என்று நினைக்காமல், நோயை ஓட்டும் கை என்று நினைத்து முதலில் அதை அடக்கவேண்டும். தோலைக் காயவிடக்கூடாது. குளித்து ஈரம் ஆறும் முன் வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ தாராளமாகப் பூசவேண்டும். சுடுநீர் ஊற்றினால் அந்த நிமிஷம் சொர்க்கம், ஆனால் தோலின் கொழுப்பு கரைந்துபோய் அரை மணியில் இரண்டு மடங்கு அரிக்கும். குளிர் நல்லது. பானைத் தண்ணீரில் நனைத்த துணியை மடித்து ஐந்து நிமிஷம் வைத்தால், குளிரை உணரும் நரம்புகள் அரிப்பை அமுக்குகின்றன. இங்கே கன்னத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனக்கா தரும் குளிர்ச்சியும் கிட்டத்தட்ட இதுவே. கல்லில் இழைத்த ஈரம் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. வெடிக்காத தோலில் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீர் கசியும் புண்ணில் வேண்டாம். காய்ந்ததும் உலர்ந்த மாவாகத்தான் நிற்கும். கரப்பானுக்கு வேண்டியது பிசுபிசுப்பு.

அழற்சியை அடக்க டாக்டர் சொன்ன அளவில் ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். அதற்குப் பயப்படவேண்டாம், ஆனால் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம். எங்கள் பையனுக்கு ஒரு மருந்துக்கடையில் மூன்று மருந்து கலந்த ட்யூப் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் மாயமாக மறைந்தது. சந்தோஷத்தில் ஐந்து மாதம் முகத்தில் பூசினோம். கன்னத்துத் தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பித்தபோதுதான் அதில் வீரியமான ஸ்டீராய்டு இருப்பது தெரிந்தது. இன்னொன்று: வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு அரித்து, இரவில் அதிகமாகி, விரல் இடுக்குகளில் பொரிப்பொரியாக இருந்தால் அது கரப்பான் இல்லை, சிரங்குப் பூச்சி. அதற்கு மருந்தே வேறு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும். ஸ்டீராய்டு போட்டால் அது ஒளிந்துகொள்ளும்.

நரம்பையும் குறிவைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வாங்கியையும் அடைக்கும் டுபிலுமாப் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 31இன் வாங்கியை அடைக்கும் நெமோலிசுமாப் 2022இல் ஜப்பானில், 2024இல் அமெரிக்காவில். இரண்டும் ஊசி. நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத விலை என்பது மனதைப் பிசைகிறது. இருந்தாலும் அவை வேலை செய்யும் விதம் ஒன்றைச் சொல்கிறது: நெமோலிசுமாப் போட்டவர்களுக்குத் தோல் முழுசாகத் தெளியும் முன்பே அரிப்பு குறைந்துவிடுகிறது.

கரப்பான் ஆறின இடத்தில் மறுபடி மறுபடி வருவதிலும் நரம்புக்குப் பங்கு இருக்கலாம். அழற்சியுள்ள தோலில் நரம்பு வளர்ச்சிப் பொருள் கூடி, நுனிகள் அடர்த்தியாக மேலே ஏறிவந்திருக்கும். டி செல்களில் ஒரு பகுதியும் அங்கேயே தங்கிவிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் தோலுக்கும் சில மாதம் வாரத்தில் இரண்டு நாள் களிம்பு பூசச் சொல்வது இதனால்தான். எங்கள் டாக்டரும் அதையே சொன்னார்.

பையனின் முழங்கை மடிப்பில் இன்றைக்கு ஒன்றும் இல்லை. வியாழனும் ஞாயிறும் ராத்திரி, அவன் நகத்தை வெட்டிவிட்டு, அக்கா அங்கே பூசிக்கொண்டுதான் இருக்கிறாள்.